குருவிக்கு வைத்த நொய்

குற்றாலிங்கம் மடத்துக்கு வந்தது மனநிம்மதி தேடி. கையில் இருந்த கொஞ்சநஞ்ச நிம்மதியையும் அங்கே ஓர் அணில் கொண்டு போயிற்று.

அம்பாசமுத்திரத்திலிருந்து மலைப்பக்கம் போகும் சாலையில், ஒரு கொய்யாத் தோப்பை ஒட்டி அந்த மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரம், மணி என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஓடு போட்ட ஒரு வீடு, பின்னால் அடுக்களை, முன்னால் ஒரு முற்றம். அதன் தலைவி உலகம்மைக்கு நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த குற்றாலிங்கத்துக்கோ அறுபது தாண்டிவிட்டது. அவர் இவரை 'அண்ணாச்சி' என்பார். இவர் அவரை 'அம்மா' என்பார். இரண்டு பேருக்குமே அதில் ஒரு சங்கடமும் இல்லை.

குற்றாலிங்கம் வேலை பார்த்த காலமெல்லாம் நெல் கிடங்கைக் காத்தவர். எலி, பெருச்சாளி, புறா, காக்கை என்று நெல்லைத் தேடி வந்த அத்தனையும் அவருக்குத் திருட்டுக் கூட்டம்தான். ஓய்வு பெற்ற பிறகும் உறக்கத்தில் கைதட்டி எதையோ விரட்டுவார். மனைவி இருந்தவரை தட்டி எழுப்பி, "கிடங்கைப் பூட்டியாச்சு, படுங்க" என்று சொல்லுவார். அவர் போன பிறகு அப்படிச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. ஒருநாள் உலகம்மையைப் பார்க்க வந்தார். பேச்சைக் காட்டிலும் அவருடைய பேசாமை பிடித்துப்போனது. அங்கேயே தங்கிவிட்டார்.

அவர் வந்து சேர்ந்த சில நாட்களிலேயே, மாசி மாதம், உலகம்மைக்கு மஞ்சள் காமாலை கண்டது. உள்ளறையில் படுக்கையாகிவிட்டார். அந்த அறைக்கு ஜன்னல் உண்டு. ஆனால் அது தோப்பைப் பார்த்தது. முற்றம் தெரியாது.

படுத்த மறுநாளே குற்றாலிங்கத்தைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, காலையில முற்றத்துல தானியம் வைக்கது நம்ம மடத்து வழக்கம். இனிமே அது உங்க பொறுப்பு."

"சரிம்மா."

"வந்தவுக சாப்பிட்டதும் எனக்கு ஒரு குரல் குடுங்க. அதுக்குப் பெறவுதான் நான் கை நனைக்கணும்."

"இப்ப உடம்பு முடியாத நேரமாச்சேம்மா. அந்த வழக்கத்தைக் கொஞ்ச நாளைக்கு..."

"வழக்கத்துக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று சிரித்தார் உலகம்மை.

குற்றாலிங்கம் அடுக்களைக்குப் போனார். சமையல் பார்க்கும் சண்முகவடிவு உலை வைத்துக்கொண்டிருந்தாள். அவள் மடத்துக்கு வந்து வருஷக்கணக்காகிறது.

"வடிவு, முற்றத்துல தானியம் வச்சா யாரு வருவாக?"

"குருவிதான். வேற யாரு வருவா, கலெக்டரா?"

அவ்வளவுதான். குற்றாலிங்கத்தின் மனத்தில் அது சாசனம் மாதிரி பதிந்துவிட்டது. குருவி கொத்த வேண்டும். குருவி கொத்தினால்தான் அம்மா சாப்பிடுவார்.

கொய்யாமரத்தடியில் ஓர் இரும்புக் கம்பம். அதன் கொக்கியில் உறிபோல மூன்று கயிறுகள். கயிற்றில் ஒரு மண்தட்டு. அதில் ஒரு பிடி நொய்யரிசியைப் போட்டுவிட்டு எட்டத்தில் போய் உட்கார்ந்தார். குருவிகள் வந்தன, கொத்தின. ஓடிப்போய்ச் சொன்னார்.

"வந்தாச்சும்மா! சாப்பிட்டாச்சு!"

உலகம்மை எழுந்து கஞ்சி குடித்தார். குற்றாலிங்கத்துக்கு அன்று இருந்த பெருமையைப் பார்த்தால், நெல்லை விளைவித்ததே அவர்தான் என்று தோன்றும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் அந்த அணில் வந்தது.

ஒரு காலை நேரம் கொய்யாக் கிளையிலிருந்து வாலைத் தூக்கிக்கொண்டு கயிற்றில் இறங்கிற்று. தட்டில் உட்கார்ந்தது. இரண்டு கையாலும் நொய்யை அள்ளித் தின்றது. குருவிகள் கொஞ்ச நேரம் ஓட்டு விளிம்பில் நின்று கத்திவிட்டுப் போய்விட்டன. குற்றாலிங்கம் கைதட்டினார். அணில் அவரைத் திரும்பிப் பார்த்தது, தின்றது. அவர் எழுந்து ஓடினார். அது கிளைக்குத் தாவி அங்கிருந்து கீச்சுக் கீச்சென்று திட்டியது. அணில் ஏறவிட்ட நாய் என்பார்களே, அந்த நிலையில் அண்ணாந்து நின்றார்.

உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"அண்ணாச்சி, வந்தாச்சா?"

குற்றாலிங்கம் காலித் தட்டைப் பார்த்தார். மறுபடியும் நொய் போட்டால் அந்தக் களவாணி மறுபடியும் வரும்.

"யாரும் வரலம்மா."

"சரி. வருவாக."

அன்று ஒரு குருவி வந்து கீழே சிந்தியதைக் கொத்தும்போது உச்சிப் பொழுது சாய்ந்துவிட்டது. கஞ்சி ஆறிச் சில்லிட்டிருந்தது. உலகம்மை அதை மறுபேச்சில்லாமல் குடித்தார். குற்றாலிங்கம்தான் அன்று தன் கஞ்சியைத் தொடவில்லை.

அணிலைப் பற்றி உலகம்மையிடம் சொல்லவில்லை. சீக்காளியிடம் போய் இதைச் சொல்லுவானேன் என்று ஒரு நினைப்பு. இன்னொன்றும் உண்டு. பெருச்சாளிக் கூட்டத்தையே ஓட்டியவன், ஒரு அணிலுக்குத் தோற்றேன் என்று எந்த வாயால் சொல்வது?

மறுநாள் கம்பத்தைப் பிடுங்கி முற்றத்தின் நடுவில் நட்டார். மரத்திலிருந்து தாவ முடியாது. அணில் நிதானமாக முற்றத்தைக் கடந்து வந்து, கம்பத்தில் ஏறி, தட்டில் இறங்கித் தின்றது.

"வந்தாச்சா அண்ணாச்சி?"

"யாரும் வரலம்மா."

அதற்கு அடுத்த நாள் கம்பம் முழுக்க விளக்கெண்ணெய் பூசினார். அணில் ஏறியது, வழுக்கியது, ஏறியது, வழுக்கியது. குற்றாலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். அன்று அணிலும் தட்டுக்கு வரவில்லை, எண்ணெய் வாடைக்குக் குருவியும் வரவில்லை. மறுநாள் எண்ணெயில் புழுதி படிந்து சொரசொரப்பாகிவிட்டது. அணிலுக்கு முன்னைவிடப் பிடிமானம் நன்றாகக் கிடைத்தது. சிந்தியதைக் கொத்த அந்திக்கு ஒரு குருவி வந்தால் உலகம்மைக்கு ஒரு வேளைக் கஞ்சி, வராத நாளில் அதுவும் இல்லை.

"அண்ணாச்சி, என்னத்துக்கு அம்புட்டு எண்ணெயும்?" என்று கேட்டாள் வடிவு. "தாளிக்கக் கூட இல்ல."

"விளக்கெண்ணெயிலயா தாளிப்ப?"

"தாளிக்கமாட்டேன்தான். கேக்கதுக்கு உரிமை இல்லையா?"

"அந்த அணிலுப் பயலத் தடுக்கணும் வடிவு. அவன் இருக்கவரைக்கும் குருவி வராது. குருவி வரலன்னா அம்மா..."

வடிவின் முகத்திலிருந்த கேலி போய்விட்டது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நேத்து நான் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டேன் அண்ணாச்சி. கழுத்தெலும்பு ரெண்டும் துருத்திக்கிட்டு நிக்கி. பயமாத்தான் இருக்கு."

அந்தச் சொல் அன்று முழுவதும் அவரை விட்டுப் போகவில்லை.

தகரக்கடைக்குப் போய் எண்ணெய் டின் ஒன்றை வாங்கி வந்தார். அதை வெட்டிக் கூம்பாகச் சுருட்டி, கவிழ்த்த குடை மாதிரி கம்பத்தின் நடுவில் மாட்டினார். தட்டும்போது கையைக் கிழித்துக்கொண்டார். உள்ளேயிருந்து, "என்ன சத்தம் அண்ணாச்சி?" என்று கேட்டார் உலகம்மை. "ஒண்ணும் இல்லம்மா, கம்பத்தைச் சரி பண்ணுதேன்" என்றார். அணில் கூம்புவரை வந்தது. தலையை நீட்டிப் பார்த்தது. இறங்கிப் போயிற்று. குற்றாலிங்கம் கும்பிட்டார். கண்ணைத் திறப்பதற்குள் அது துணி காயப்போடும் கொடியில் ஓடிவந்து, அங்கிருந்து ஒரே தாவாகத் தாவித் தட்டில் விழுந்தது. தட்டு ஆடியதில் ஓட்டு விளிம்பில் காத்திருந்த குருவிகள் எல்லாம் பறந்துவிட்டன.

"வந்தாச்சா அண்ணாச்சி?"

அவர் தட்டைப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"யாரும் வரலம்மா."

இந்தத் தடவை 'சரி, வருவாக' என்ற பதில் வரவில்லை. சற்றுப் பொறுத்து, "அண்ணாச்சி, இங்கன வாங்க" என்று குரல் வந்தது. உள்ளே போனார். உலகம்மை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்களில் மஞ்சள் குறைந்திருந்தது. ஆனால் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"வெளியில வெயில் கூடுதலோ?"

"இல்லம்மா."

"தானியத்துல புழு கிழு இருக்கோ?"

"புடைச்சுத்தான் வைக்கேன்."

"பெறவு ஏன் அண்ணாச்சி ஒரு உசிரு கூட காலையில நம்ம முற்றத்துக்கு வரமாட்டேங்குது?" உலகம்மை தன் கைகளைப் பார்த்தார். "நான் உக்காந்திருக்கும்போது வந்தாகளே. என்கிட்டதான் ஏதோ குறை வந்திருக்கு போல. எனக்குத்தான் அது தெரியல."

குற்றாலிங்கத்துக்கு, குறை உங்களிடம் இல்லை, வாலை ஆட்டிக்கொண்டு வெளியே இருக்கிறது என்று கத்த வேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை.

"நாளைக்கு வரும்மா. நான் வர வைக்கேன்."

"வர வைக்க நாம யாரு?" என்றார் உலகம்மை. கண்ணை மூடிக்கொண்டார்.

அம்பாசமுத்திரத்தில் விதைக்கடை வைத்திருந்தவர் ஒரு யோசனை சொன்னார். "நொய்யில மிளகாப்பொடியக் கலந்து வைங்க. குருவிக்கு உறைப்பு தெரியாது. அணிலுக்குத் தெரியும். ஒருக்கத் தின்னா பெறகு அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்காது."

குற்றாலிங்கத்துக்கு அது தெய்வ வாக்காகப் பட்டது. வடிவுக்குத் தெரியாமல் மிளகாய்ப்பொடி டப்பாவை எடுத்துவந்து தாராளமாகக் கலந்தார். தட்டில் கொட்டுகிற நேரத்தில் மலைக்காற்று ஒரு சுழற்று சுழற்றியது. பொடி பாதி அவர் கண்ணில் விழுந்தது. மீதி வீட்டுக்குள் போயிற்று.

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கிணற்றடிக்குத் தடவித் தடவிப் போகும்போது உள்ளறையில் இருமல் கேட்டது. சாதாரண இருமல் இல்லை. வெறும் வயிற்றிலிருந்து குடலைப் பிடுங்கிக்கொண்டு வருகிற இருமல். அது நிற்கவே இல்லை. வடிவு "அம்மா, அம்மா" என்று கத்துவது கேட்டது. கண் தெரியாமல் கிணற்றடியில் வாளியைத் துழாவிக்கொண்டிருந்தார். அம்மா போய்விடுவாரோ என்று அன்றுதான் முதல்முறையாக, வெளிப்படையாக நினைத்தார். போனால், அது தன் கையால் என்றும் நினைத்தார்.

இருமல் ஒருவழியாக அடங்கியது. டாக்டர் வந்து பார்த்தார். வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"காமாலை இறங்கிட்டுது. ஆனா ஆளே இறங்கிட்டிருக்காங்களே! வேளைக்குச் சாப்பாடு குடுங்க. வயிறு காயவே கூடாது. இப்படியே விட்டா அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

டாக்டர் போன பிறகு வடிவு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குற்றாலிங்கத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"கேட்டீகளா?"

"கேட்டேன்."

"நாளைக்குக் காலையில குருவி வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. வந்துட்டுன்னு சொல்லிருங்க."

"வடிவு!"

"என்ன வடிவு? அவுகளுக்கு முற்றம் தெரியாது. நீங்க சொல்லுததுதான் அவுகளுக்கு முற்றம். ஒரு வார்த்தை. சொன்னா என்ன, நாக்கா அழுகிரும்?"

"குருவுகிட்டப் பொய் சொல்லச் சொல்லுதியா? அவுக என் வார்த்தையை நம்பித்தானே கிடக்காக."

"அந்த வார்த்தைய நம்பித்தான் பட்டினியும் கிடக்காக."

"வழக்கம் ஒண்ணு இருக்குல்லா?"

"வழக்கத்தைக் காப்பாத்திட்டு ஆளத் தூக்கிக் கொண்டுபோயி எரிச்சிட்டு வரலாம்" என்றாள் வடிவு. சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். அடுக்களைக்குள் போய் விசும்பியது கேட்டது.

பொழுது விடிந்ததும் குற்றாலிங்கம் தட்டில் நொய் வைத்தார். மிளகாய்ப்பொடி இல்லை. கையில் கம்பு இல்லை. எட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, இதுவரை எந்தச் சாமியிடமும் கேட்காத கெஞ்சலாகக் கேட்டார். ஒரே ஒரு குருவி. ஒரே ஒரு கொத்து. பொய் சொல்லவைத்துவிடாதே.

அணில் வந்தது.

கொடியில் ஓடி, தாவி, தட்டில் உட்கார்ந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. விரட்டவில்லை. விரட்டத் தெம்பில்லை என்பதுதான் நிஜம். யாரும் கைதட்டாதது அணிலுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். அவரை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தது. பிறகு சாவகாசமாக, கடைசி நொய்வரை தின்று முடித்தது. கையை நக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டது. போயிற்று.

ஓட்டு விளிம்பில் ஒரு குருவியும் இல்லை.

"அண்ணாச்சி, வந்தாச்சா?"

குரல் பாதியாகத் தேய்ந்திருந்தது. கேட்பதற்கே மூச்சைச் சேர்த்துக்கொண்டு கேட்டதுபோல இருந்தது.

குற்றாலிங்கம் எழுந்தார். வாசற்படியைப் பிடித்துக்கொண்டார். அடுக்களை வாசலில் வடிவு நிற்பது தெரிந்தது. அவள் பக்கம் பார்க்கவில்லை.

"வந்தாச்சும்மா" என்றார். "சாப்பிட்டாச்சு."

உள்ளே அவர் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"நெசமாவா அண்ணாச்சி?"

"நெசம்மா."

"வயிறார?"

"வயிறாரத்தான்."

"எத்தனை பேரு?"

"ஒ... ஒருத்தரு."

"ஒருத்தரு போதும்!" அந்தக் குரலில் திடீரென்று உயிர் வந்துவிட்டது. "வடிவு, கஞ்சி கொண்டா. சூடா இருக்கா?"

உலகம்மை கஞ்சி குடித்தார். இன்னொரு கும்பா கேட்டு வாங்கிக் குடித்தார். வடிவு சிரித்துக்கொண்டே அழுதாள். குற்றாலிங்கத்துக்கு அந்தச் சிரிப்பில் பங்கு கிடைக்கவில்லை. முற்றத்துக்கு வந்து கம்பத்தடியில் உட்கார்ந்தார். கிடங்கில் இருந்த காலம் முழுக்க ஒரு மணி நெல்லைக்கூடத் தொட்டதில்லை. இங்கே வந்து, நம்பிக்கிடந்தவரின் விரதத்தையே திருடிவிட்டேன் என்று தோன்றியது.

சொல்லிவிடலாம். சொன்னால், வழக்கம் தவறிவிட்டது என்று நாளைக்கும் சேர்த்துப் பட்டினி கிடப்பாரோ? சொல்லாமல் இருக்கலாம். இருந்தால், நாளைக்கு மறுபடியும் கேள்வி வரும். மறுபடியும் பொய் வரும். இருதலைக்கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறார். அந்த எறும்பின் கஷ்டம் இப்போது புரிந்தது.

வெயில் தாழ்ந்த நேரத்தில், யாரோ சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வரும் சத்தம் கேட்டது. திரும்பினார். வாசலில் உலகம்மை நின்றுகொண்டிருந்தார். அவர் எழுந்து வெளியே வருவது, படுத்ததற்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

"அம்மா! கூப்பிட்டா வந்திருப்பேனே."

"இன்னைக்குத்தான் கால்ல தெம்பு வந்திருக்கு. முற்றத்தைப் பாக்கணும்போல இருந்துச்சு."

முற்றத்தைப் பார்த்தார். எண்ணெயும் புழுதியும் அப்பிய கம்பம். அதன் நடுவில் கோணல்மாணலாகத் தகரக் கூம்பு. சுற்றிலும் வெட்டிப் போட்ட கருவேல முள். கொடிக்கம்பில் தொங்கவிட்ட பழைய டின்கள். சுவரோரம் சாய்த்துவைத்த தொரட்டி. ஒரு மூலையில் குவித்துவைத்த கற்கள்.

"என்ன அண்ணாச்சி இது? யாரு கூடச் சண்டை?"

அவ்வளவுதான். குற்றாலிங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, காலையில நான் பொய் சொல்லிட்டேன்."

உலகம்மை வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தார். "என்ன பொய்?"

"வந்தவுக சாப்பிட்டாச்சுன்னு சொன்னேன்லா. குருவி வரவே இல்லம்மா. ஒண்ணு கூட வரல."

"தட்டு?"

"காலியாயிட்டு."

"எப்படிக் காலியாச்சு?"

"ஒரு அணிலு கிடக்கும்மா. சனியன். அது தின்னுட்டுப் போயிட்டு."

உலகம்மை கம்பத்தைப் பார்த்தார். கூம்பைப் பார்த்தார்.

"அது இன்னைக்குத்தான் வந்துதா?"

"பங்குனி பிறந்ததுலேர்ந்து வருதும்மா. எண்ணெய் தடவின அன்னைக்கு ஒருக்கத்தான் தட்டுக்கு ஏற முடியல. கோடை மழை கொட்டுன அன்னைக்குக் கூட நனைஞ்சுக்கிட்டு வந்துது."

"பசியோட வருமா?"

"பசி இல்லாமயா இந்த முள்ளு மேல எல்லாம் ஏறி வரும்?"

"தின்னுட்டுத்தான் போகுமா?"

"வயிறு முட்டத் தின்னுட்டுத்தான் போகும். நான் எவ்வளவோ பாத்துட்டேன். அந்தக் களவாணிப் பயலாலதான் நீங்க..." முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டார். "நீங்க பட்டினி கிடக்கதப் பாக்க முடியாமத்தான் சொல்லிட்டேன். என்னை மடத்தை விட்டுப் போன்னு சொல்லுங்க, போயிருதேன். அதுக்காக நாளைக்குச் சாப்பிடாம மட்டும் இருந்திராதீங்க. அந்தப் பொய்க்கு நான் என்ன செய்யணும்? சொல்லுங்கம்மா, செய்யுதேன்."

கொய்யாமரத்தில் ஏதோ சலசலத்தது. இருவருமே நிமிர்ந்து பார்க்கவில்லை. உலகம்மை கையை நீட்டி, தகரம் கிழித்துக் காய்ந்திருந்த அவருடைய விரலைத் தொட்டுப் பார்த்தார்.

"காலையில சொன்னது பொய்யில்ல அண்ணாச்சி" என்றார். "அதுக்கு முந்தியெல்லாம், 'யாரும் வரல'ன்னு சொன்னீங்கள்லா? அதுதான் பொய்."